எத்தனை முறை சுழன்றது?

மயிலாடுதுறை மார்க்கத்திலிருந்து மைசூருக்குப் போகும் எக்ஸ்பிரஸ் ரயிலில், கல்லூரி முடித்த கையோடு பெரிய பெட்டியும் சான்றிதழ்க் கோப்புமாக ஏறுகிற பிள்ளைகளைப் பல ஆண்டுகளாகப் பார்க்கலாம். கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, கரூர், ஈரோடு, சேலம் என்று ஊருக்கு நாலு பேராகச் சேர்ந்துகொள்வார்கள். பெங்களூரையும் மண்டியாவையும் தாண்டி மைசூரில் இறங்கினால், ஹெப்பால் பகுதியில் 300 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது இன்ஃபோசிஸ் வளாகம். அங்குள்ள இரண்டாவது கல்வி மையம் 2009-இல் திறக்கப்பட்டது. வரிசையாகத் தூண்கள் நிற்கும் அந்தக் கட்டடத்தின் முன்னால் எடுத்த படம் இல்லாத குடும்ப வாட்ஸ்அப் குழு தமிழ்நாட்டில் குறைவு. ‘மைசூர் ட்ரெய்னிங்’ என்று சொன்னால் எந்தப் பொறியியல் கல்லூரியிலும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

அந்த ரயில் பாதைக்கு ஒரு விசேஷம் உண்டு, எண்களில் பித்துள்ளவர்களுக்கு மட்டும் தெரிகிற விசேஷம். கணித மேதை ராமானுஜன் வளர்ந்த ஊர் கும்பகோணம். 1887-இல் பிறந்த ஊர் ஈரோடு. மண்டியாவில் 1933-இல் பிறந்தவர் கே. ராமச்சந்திரா, எண் கோட்பாட்டில் இந்தியாவின் பெரிய பெயர்களில் ஒருவர். ஓர் எண் எவ்வெவற்றால் வகுபடும், அதற்குள் எவ்வளவு பெரிய காரணி ஒளிந்திருக்க முடியும் என்ற கேள்விகள் இருவரையுமே விடாமல் பிடித்து ஆட்டின. பிள்ளைகள் அந்த ஊர்களையெல்லாம் தூக்கத்தில் கடந்துபோய் இறங்கி, சில நாளில் ஒரு பயிற்சிக் கணக்கைச் சந்திக்கிறார்கள். மைசூர் என்றில்லை, நிரல் எழுதச் சொல்லித்தரும் எந்தக் கூடத்திலும் முதல் வாரங்களில் வருகிற கணக்குதான்: ஓர் எண்ணைக் கொடுத்தால் அதன் காரணிகளை எல்லாம் பட்டியலிடு.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யும் வேலை இது. 12-ஐக் கொடுத்தால் 1, 2, 3, 4, 6, 12. இதைக் கணினியிடம் சொல்வது எப்படி? 1-இல் தொடங்கு, அந்த எண்வரை ஒவ்வொன்றாகப் போ, ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார், மீதி பூச்சியம் என்றால் அதை எழுது. அவ்வளவுதான். பயிற்சிக் கூடத்தில் இதைப் பைத்தானிலோ ஜாவாவிலோ எழுதுவார்கள். தமிழிலேயே எழுதி ஓட்டவும் வழி இருக்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கி, 2009-இல் ஒரு கட்டுரையாக அறிமுகப்படுத்திய ‘எழில்’ என்ற நிரல்மொழியில் நம் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்:

எண் = 5040
வகு = 1
@( வகு <= எண் ) வரை
    @( எண் % வகு == 0 ) ஆனால்
        பதிப்பி வகு
    முடி
    வகு = வகு + 1
முடி

அடைப்புக்குள் நிபந்தனை, அதன் பின்னால் ‘வரை’, ‘ஆனால்’ என்ற கட்டளை. நாம் பேசுகிற வரிசையிலேயே அந்தச் சொல் கடைசியில் வருகிறது. சதவீதக் குறிக்கு இங்கே சதவீதத்தோடு சம்பந்தமில்லை. வகுத்தால் வரும் மீதியைக் கேட்கும் குறி அது. 5040 % 11 என்று கேட்டால் 2 என்று பதில் வரும். ஆகவே 11 காரணி இல்லை. ‘வரை’யிலிருந்து கடைசி ‘முடி’வரை உள்ள பகுதிதான் லூப். வகு என்ற பெட்டியில் உள்ள எண் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூடும். 5040-ஐ எட்டியதும் நிற்கும்.

ஓட்டினால் கண்மூடித் திறப்பதற்குள் 60 காரணிகள் திரையில் இறங்கிவிடும். விடை சரி. பெரும்பாலான இடங்களில் பாடமும் இங்கேயே முடிந்துவிடுகிறது, அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு வருத்தம் அதில்தான். விடை சரியா என்று கேட்டவர்கள், லூப் எத்தனை முறை சுழன்றது என்று கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். 60 காரணிகளைக் கண்டுபிடிக்க 5040 முறை சுழன்றிருக்கிறது. 4980 சுற்றுகள் வீண். 5040-க்கு அது பொருட்டில்லை. ஆனால் ஆதார் எண்ணைப் போல 12 இலக்கம் உள்ள ஓர் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். லட்சம் கோடியை நெருங்குகிற எண் அது. சாதாரண மடிக்கணினியில் இந்த லூப் நொடிக்கு ஒரு கோடி முறை சுழல்வதாக வைத்துக்கொள்வோம். லட்சம் கோடி சுற்றுக்கு லட்சம் நொடி, ஏறக்குறைய 28 மணி நேரம். இன்று காலை ஓட்டிவிட்டால் நாளை பிற்பகலில் விடை.

கொஞ்சம் யோசிக்கிற பிள்ளை இதைக் கண்டதும் ஒன்று சொல்லும்: ஓர் எண்ணின் பாதிக்கு மேல், அந்த எண்ணைத் தவிர வேறு காரணி இருக்க வாய்ப்பே இல்லையே, பாதியோடு நிறுத்தினால் என்ன? உண்மைதான். 28 மணி 14 மணி ஆகும். ஆனால் பாதி மிச்சம் என்பது கடையில் காசு கொடுத்து வாங்கக்கூடிய மிச்சம். இரண்டு மடங்கு வேகமுள்ள கணினியை வாங்கினாலும் அதே பலன்தான். கணக்கின் குணத்தை அது தொடவில்லை.

குணத்தைத் தொட வேண்டுமானால் காரணிகள் எப்படி வருகின்றன என்று பார்க்க வேண்டும். அவை தனியாக வருவதில்லை, ஜோடியாக வருகின்றன. 2 காரணி என்று தெரிந்த நொடியில் 2520-உம் காரணி என்று தெரிந்துவிட்டது, ஏனென்றால் 2 × 2520 = 5040. 3-க்கு 1680. 7-க்கு 720. இப்படியே ஏறிக்கொண்டு போனால் ஜோடியில் சின்னது வளர, பெரியது தேய, இரண்டும் நெருங்கி வரும். 60-க்கு 84, 63-க்கு 80, 70-க்கு 72. அதற்கு மேல் ஜோடியே இல்லை. காரணம் எளிது: 5040-இன் வர்க்கமூலம் 71-க்கு ஒரு மயிரிழை குறைவு. ஜோடியில் இரண்டு எண்களும் 71 அல்லது அதற்கு மேல் என்றால் பெருக்குத்தொகை 5040-ஐத் தாண்டிவிடும். ஆகவே ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றாவது 70-க்குள் இருந்தே தீர வேண்டும். அந்த ஒன்றைப் பிடித்தால் மற்றது தானாக வரும். 70 சுற்றுப் போதும்.

நிரலில் மாற்ற வேண்டியது மிகக் கொஞ்சம். முதல் நிபந்தனையை இப்படி மாற்ற வேண்டும்:

@( வகு * வகு <= எண் ) வரை

காரணி கிடைத்ததும் வகு-வோடு சேர்த்து எண் / வகு என்பதையும் பதிப்பிக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் கவனம். 36-ஐக் கொடுத்தால் 6 × 6 என்ற ஜோடியில் 6 இரண்டு முறை அச்சாகும். வகு * வகு சரியாக எண்ணுக்கே சமமாக இருந்தால் ஒருமுறை மட்டும் எழுது என்று ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். முழு வர்க்க எண்களுக்கு மட்டும் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வருவதற்கும் இதுவே காரணம். ஜோடியில்லாமல் நடுவில் ஒருவர் நிற்கிறார்.

இப்போது 12 இலக்க எண்ணுக்குத் திரும்புவோம். லட்சம் கோடியின் வர்க்கமூலம் பத்து லட்சம். பத்து லட்சம் சுற்றுக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. 28 மணி நேரம் எங்கே, இது எங்கே! கணினியை மாற்றவில்லை, மொழியை மாற்றவில்லை. ஒரு பெருக்கலைச் சேர்த்ததில் பத்து லட்சம் மடங்கு மிச்சம். நிரல் எழுதுவது என்று நான் நினைப்பது இந்த இடத்தைத்தான். முதல் நிரலை எழுதியது வெறும் மொழிபெயர்ப்பு வேலை.

5040 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. அது ராமானுஜனின் பட்டியலில் இருக்கிற எண். லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் 1915-இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை ஒன்று, காரணிகள் மிக அதிகம் உள்ள எண்களைப் பற்றியது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளைக் கொண்ட எண்களை அவர் தேடினார். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720 என்று அது போகும். மனிதர்கள் அளவைகளுக்குத் தேர்ந்தெடுத்த எண்கள் எத்தனை இதில் இருக்கின்றன பாருங்கள். நாளுக்கு 24 மணி, 60 நாழிகை. தமிழ் ஆண்டுகளின் சுற்று 60. வட்டத்துக்கு 360 பாகை. பாதி, மூன்றில் ஒன்று, கால் என்று எப்படிப் பங்கு கேட்டாலும் உடையாமல் கொடுக்கிற எண்கள் இவை. ரூபாய்க்கு 16 அணா வைத்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை போலும். 16-க்கு 5 காரணிதான், அதைவிடச் சின்னதான 12-க்கு 6. மூன்று பேருக்கு ஒரு ரூபாயைப் பங்கு போட அணாவை உடைத்துக் காசாக்க வேண்டியிருந்தது.

ராமானுஜன் ஒவ்வோர் எண்ணையும் 1-இலிருந்து வகுத்துக்கொண்டிருக்கவில்லை. பகா எண்களாக உடைத்தால் காரணிகளை எண்ணாமலே எண்ணிவிடலாம். 5040 என்பது 2-ஐ நான்கு முறை, 3-ஐ இரண்டு முறை, 5-ஐ ஒரு முறை, 7-ஐ ஒரு முறை பெருக்கி வந்தது. அதன் ஒரு காரணியை உருவாக்க 2-ஐ எத்தனை முறை எடுக்கலாம்? எடுக்காமல் விடுவதையும் சேர்த்து 5 வழி. 3-ஐ எடுக்க 3 வழி. 5-க்கும் 7-க்கும் இரண்டிரண்டு வழி. 5 × 3 × 2 × 2 = 60. லூப் தேவையே இல்லை.

அந்தக் கட்டுரையில் அவர் கொடுத்த அட்டவணையில் 102 எண்கள். கடைசி எண் நம் வழக்கில் எங்கே காற்புள்ளி வைப்பது என்றே குழம்ப வைக்கும் நீளம், 13 இலக்கம்: 6746328388800. அதற்கு 10,080 காரணிகள். கையால் போட்ட அந்த அட்டவணையில் ஒரே ஓர் எண் விடுபட்டுப்போனது: 293318625600. எனக்கு இதில் பிடித்த விஷயம், விடுபட்ட அந்த எண்ணை 23-ஆல் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண்ணே வந்துவிடுகிறது. பெருக்கிப் பாருங்கள். முடிவு எண்ணைப் பிடித்தவர், அதன் உள்ளேயே உட்கார்ந்திருந்த எண்ணைத் தவறவிட்டிருக்கிறார். இன்று ஒரு பயிற்சி மாணவரின் நிரல் அதை ஒரு தேநீர் நேரத்துக்குள் காட்டிக்கொடுத்துவிடும். அந்த 1915 கட்டுரைக்காகத்தான் கேம்பிரிட்ஜ் அவருக்கு 1916-இல் பட்டம் கொடுத்தது. போர்க்கால நெருக்கடியில் கட்டுரையின் பிற்பகுதி அச்சேறவில்லை. அது முழுமையாக வெளிவர 1997 ஆயிற்று.

பகா எண்கள் என்று வந்துவிட்டதால் நம் நிரலை இன்னொரு படி ஏற்றலாம். 2-ஆல் வகுபடாத எண் 4-ஆலும் 6-ஆலும் வகுபடப் போவதில்லை. ஆகவே ஓர் எண் பகா எண்தானா என்று பார்க்க, வர்க்கமூலம்வரை உள்ள பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். மைசூர்ச் சாலையில் போகிற கேஏ 09 வண்டிகளின் பின்னால் இருப்பது நான்கு இலக்க எண். அதன் வர்க்கமூலம் 100-ஐ எட்டாது. 100-க்குள் பகா எண்கள் 25. மனப்பாடமாக 25 எண்கள் தெரிந்திருந்தால், சிக்னலில் முன்னால் நிற்கிற எந்த வண்டியின் எண்ணையும் பச்சை விழுவதற்குள் உடைத்துவிடலாம். ட்ராஃபிக்குக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

மண்டியா ராமச்சந்திராவைப் பற்றியும் ஒரு கார் கதை சொல்வார்கள். அவருடைய கல்லூரி முதல்வரின் கார் எண் 3430. அதையே மனத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தவர் பக்கத்து எண்கள்வரை போய், 3435-க்கு ஒரு வினோதம் இருப்பதைக் கண்டாராம். 3-ஐ 3 முறை, 4-ஐ 4 முறை, 3-ஐ 3 முறை, 5-ஐ 5 முறை தன்னோடு தானே பெருக்கிக் கூட்டினால் 27 + 256 + 27 + 3125; சரியாக 3435. பூச்சியம் இடம்பெறாத எண்களில் 1-ஐ விட்டால் இப்படி அமைவது இது ஒன்றுதான். 3430-ம் சும்மா இல்லை: 2 × 5 × 7 × 7 × 7. இந்த ராமச்சந்திராதான் பின்னால் மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தபோது, அடுத்தடுத்து வரும் எண்களின் ஒரு சிறு கூட்டத்தை எடுத்தால் அதில் ஏதாவது ஒன்றுக்கு எவ்வளவு பெரிய பகாக் காரணி இருந்தே தீரும் என்ற கேள்வியில் 1969-இல் முக்கியமான முடிவை நிறுவினார். ஆர். பாலசுப்பிரமணியனோடு சேர்ந்து 1978-இல் அவர் தொடங்கிய ஆய்விதழுக்கு ராமானுஜனின் பெயரையும் அவருடைய கேம்பிரிட்ஜ் வழிகாட்டி ஹார்டியின் பெயரையும் சேர்த்து வைத்தார்.

கன்னட நாட்டில் இந்தப் பித்து புதிதில்லை. ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், சுமார் 850-இல், மகாவீரர் என்ற சமணக் கணித ஆசிரியர் ‘கணித சார சங்கிரகம்’ எழுதினார். சென்னை அரசு அச்சகம் 1912-இல் எம். ரங்காசாரியரின் பதிப்பாக அதை வெளியிட்டது. பெருக்கல் பாடத்தில் அவர் கொடுக்கிற கணக்குகள் சாதாரணமாக ஆரம்பித்து விடையில் அழகு காட்டும். 152207-ஐ 73-ஆல் பெருக்கு என்பார், விடை 11111111. 27994681-ஐ 441-ஆல் பெருக்கச் சொல்வார், விடை 12345654321. மாணவனுக்கு அது வெறும் பெருக்கல். கணக்கைப் போட்டவருக்கோ எதிர்த் திசை வேலை. எட்டு ஒன்றுகள் உள்ள எண் 73-ஆல் வகுபடும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்த எண்ணை முழுவதும் உடைத்தால் 11 × 73 × 101 × 137.

மகாவீரர் பெருக்கலாக மறைத்து வைத்ததை, நாராயண பண்டிதர் வெளிப்படையாகவே ஒரு பாடமாக்கினார். 1356-இல் எழுதிய ‘கணித கௌமுதி’யில் காரணிகளைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. அதில் ஒரு வழி, நம் லூப்பைத் தலைகீழாகப் பிடிக்கிறது. நாம் 1-இலிருந்து மேலே ஏறுகிறோம். அவர் வர்க்கமூலத்தின் அருகே ஆரம்பிக்கச் சொல்கிறார். 2491-ஐ எடுத்துக்கொள்வோம். அதற்கு அடுத்த முழு வர்க்கம் 50-இன் வர்க்கமான 2500. கழித்தால் 9. அதுவும் ஒரு வர்க்கம், 3-இன் வர்க்கம். முடிந்தது வேலை: 50-இலிருந்து 3-ஐக் கழித்தால் 47, கூட்டினால் 53. 47 × 53 = 2491. நம் லூப் 47 சுற்றில் கண்டுபிடிப்பதை இது ஒரே சுற்றில் கண்டுவிட்டது. கழித்து வந்தது வர்க்கமாக இல்லையென்றால் 51, 52 என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் எப்போதும் கூட்டலும் கழித்தலுமாக இரண்டு காரணிகளாக உடையும் என்ற பள்ளிக்கூட அல்ஜீப்ராவுக்கு மேல் இதில் ஒன்றுமில்லை. பிரெஞ்சுக்காரர் ஃபெர்மா 1643-இல் இதே வழியைக் கண்டார். உலகம் அவர் பெயரால் அதை அழைக்கிறது.

இந்த வழிக்குப் பலவீனமும் உண்டு. இரண்டு காரணிகளும் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தால் மின்னல். தள்ளி இருந்தால் நம் லூப்பைவிட மோசம். அந்தப் பலவீனத்தைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மைசூர்ப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு சிறுமி வந்த கதைக்கு இங்கே இடம் உண்டு. பெங்களூரில் 1929-இல் பிறந்த சகுந்தலா தேவி, ஆறு வயதில் அங்கே தன் கணக்குத் திறமையைக் காட்டினார். 1980 ஜூன் 18 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் அவரிடம் இரண்டு 13 இலக்க எண்களைக் கொடுத்தார்கள். 26 இலக்கப் பெருக்குத்தொகையை 28 நொடியில் சொன்னார். இப்போது இதைத் திருப்புவோம். பெருக்குத்தொகையை மட்டும் ஒருவரிடம் கொடுத்து, எந்த இரண்டு 13 இலக்க எண்களைப் பெருக்கினேன் என்று கேட்டால்? நம் லூப் 1-இல் தொடங்கி அந்த இரண்டில் சிறிய எண்ணை எட்ட இரண்டரை லட்சம் கோடி சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுழல வேண்டும். நொடிக்கு ஒரு கோடி என்றால் ஏறக்குறைய மூன்று நாள். பெருக்கல் ஒரு பெண்ணுக்கு அரை நிமிடம். பிரிப்பது எந்திரத்துக்கு மூன்று நாள்.

இலக்கம் கூடக் கூட இது எப்படி மோசமாகிறது என்று பாருங்கள். 30 இலக்க எண்ணின் வர்க்கமூலம்வரை போக நம் கணினிக்கு மூன்று ஆண்டு. 40 இலக்கத்துக்கு மூன்று லட்சம் ஆண்டு. எண்ணில் பத்து இலக்கம் கூடினால் காலம் லட்சம் மடங்காகிறது. அந்த இரண்டு காரணிகளைப் பெருக்குகிற வேலையோ 30 இலக்கத்துக்கும் 40 இலக்கத்துக்கும் கணினிக்கு ஒன்றுதான்.

உள்ளே போவது சுலபம், திரும்பி வருவது கடினம் என்ற இந்தக் குணத்தையே பூட்டாக்கினார்கள் 1977-இல் அமெரிக்காவின் எம்ஐடி-யில் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மேன் மூவரும். இரண்டு பெரிய பகா எண்களை ரகசியமாக வைத்துக்கொள். அவற்றின் பெருக்குத்தொகையை ஊரறியக் கொடுத்துவிடு. அந்தப் பெருக்குத்தொகையை வைத்து யார் வேண்டுமானாலும் செய்தியைப் பூட்டலாம். திறக்க உள்ளே இருக்கும் இரண்டு எண்கள் வேண்டும். மூவரின் முதலெழுத்துகளால் ஆர்எஸ்ஏ என்று பெயர். இன்றும் பல இணையதளச் சான்றிதழ்களுக்குள் இருப்பது இந்த வகைச் சாவிதான். அதன் எண் வழக்கமாக 617 இலக்கம்.

அந்த 1977-ஆம் ஆண்டிலேயே 129 இலக்க எண் ஒன்றை அச்சில் வெளியிட்டு, உடைப்பவருக்கு 100 டாலர் பரிசு என்றார்கள். உடைக்க 4-க்குப் பின்னால் 16 பூச்சியம் போட்ட அளவு ஆண்டுகள் ஆகும் என்பது ரிவெஸ்டின் மதிப்பீடு. 17 ஆண்டில் உடைந்தது. 1994-இல் சுமார் 600 தன்னார்வலர்கள் இணையம் வழியாகத் தங்கள் கணினிகளை இணைத்து, 64 இலக்கமும் 65 இலக்கமுமான இரண்டு பகா எண்களை வெளியே எடுத்தார்கள். கணினிகள் வேகமானது ஒரு பங்கு. பெரும்பங்கு, கார்ல் பொமரன்ஸ் 1981-இல் உருவாக்கிய சல்லடை முறைக்குச் சேரும். அந்த முறையின் நடு எலும்பு எது தெரியுமா? இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம். வித்தியாசம் நம் எண்ணாகவே இருக்க வேண்டும் என்று நாராயணரும் ஃபெர்மாவும் கேட்டார்கள். நம் எண்ணின் ஏதாவது ஒரு மடங்காக இருந்தாலே போதும் என்று பொமரன்ஸ் தளர்த்தினார். அப்படிப்பட்ட வர்க்கங்களைத் தேடித் தேய்கிற வேலையைத்தான் அந்த 600 பேரின் கணினிகளும் பங்கு போட்டுக்கொண்டன.

பழைய வழியின் பலவீனத்தை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா. பூட்டுச் செய்கிறவர் இரண்டு பகா எண்களையும் அருகருகே எடுத்துவிட்டால், 617 இலக்கமும் வீண். 1356-இன் வழியே போதும். இப்படி யார் செய்வார்கள் என்று தோன்றும். 2022-இல் ஹன்னோ பொக் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர் புழக்கத்தில் இருந்த சாவிகளைத் திரட்டி இந்த வழியைப் போட்டுப் பார்த்தார். சில அச்சுப்பொறிகள் தாமாக உருவாக்கிய சாவிகள் உடைந்து கையோடு வந்துவிட்டன. அவற்றுக்குள் இருந்த நிரல், முதல் பகா எண்ணை எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இரண்டாவதையும் எடுத்திருந்தது. எழுதியவரும் எங்கேயோ ஒரு பயிற்சிக் கூடத்தில் காரணி நிரலை ஓட்டி, விடை சரி என்று நகர்ந்தவராகத்தான் இருப்பார்.

இதில் இன்னொரு திருப்பம் உண்டு, அது நம் நாட்டில் நடந்தது. ஓர் எண்ணுக்குக் காரணி இருக்கிறதா என்ற கேள்வியும், அந்தக் காரணி எது என்ற கேள்வியும் ஒன்றுபோலத் தெரியும். நம் லூப்பைப் பொறுத்தவரை ஒன்றுதான். காரணியைக் கண்டால்தானே இருக்கிறது என்று சொல்ல முடியும். ஆனால் 91-ஐ இப்படிப் பாருங்கள். 2-ஐ 90 முறை தன்னோடு பெருக்கி 91-ஆல் வகுத்தால் மீதி 64. 91 பகா எண்ணாக இருந்திருந்தால் மீதி 1 வந்திருக்க வேண்டும் என்பது ஃபெர்மா சொன்ன விதி. வரவில்லை, ஆகவே 91-க்குக் காரணி உண்டு. 7 என்றோ 13 என்றோ நாம் வாயே திறக்கவில்லை, ஆனாலும் உண்டு என்பது நிச்சயமாகிவிட்டது. 28 இலக்கம் வருகிற அந்தப் பெருக்குத்தொகையை முழுதாக எழுதவும் வேண்டாம். ஒவ்வொரு பெருக்கலிலும் 91-இன் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, வர்க்கமாக்கி வர்க்கமாக்கிப் பத்துப் பெருக்கலுக்குள் முடித்துவிடலாம்.

இந்தச் சோதனை சில எண்களிடம் ஏமாறும். 341 என்பது 11 × 31. ஆனாலும் 2-ஐ வைத்துச் சோதித்தால் மீதி 1 காட்டி நல்ல பிள்ளைபோல் நிற்கும். எந்த எண்ணிடமும் ஏமாறாத, அதே சமயம் இலக்கம் கூடும்போது காலம் வெடித்துப் போகாத சோதனை ஒன்று இருக்கிறதா என்பது நெடுங்காலம் திறந்து கிடந்த கேள்வி. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடி-யில் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயலும் நிதின் சக்சேனாவும் விடை கொடுத்தார்கள். மாணவர்கள் இருவரும் அந்த ஆண்டுதான் பி.டெக். முடித்திருந்தார்கள், மைசூர் ரயிலில் ஏறுகிறவர்களின் வயது. கட்டுரை ஒன்பது பக்கத்தைச் சுற்றித்தான் இருந்தது. பட்டப் படிப்பில் சொல்லித்தரும் அல்ஜீப்ராவைத் தாண்டி அதில் பெரிதாக ஒன்றும் வேண்டியதில்லை என்பதுதான் உலகத்தை அதிகம் திகைக்க வைத்தது.

அந்தச் சோதனை காரணி உண்டு என்று சொல்லும். எது என்று சொல்லாது. இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. பெரிய எண்ணை வேகமாக உடைக்கும் வழி சாதாரணக் கணினிக்கு யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு வழி இருக்கவே முடியாது என்றும் யாரும் நிறுவவில்லை. குவாண்டம் கணினிக்கான வழியைப் பீட்டர் ஷோர் 1994-இலேயே எழுதிக்கொடுத்துவிட்டார். 2001-இல் அப்படியொரு கருவி 15-ஐ 3 × 5 என்று உடைத்துக் காட்டியது. பெரிய எண்களைத் தாங்கும் எந்திரம் வருவதற்கு முன்பே பூட்டுகளை மாற்றிவிட வேண்டும் என்று 2024-இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் புதிய முறைகளை அறிவித்திருக்கிறது.

பழைய முறையில் இதுவரை கிடைத்த பெரிய வெற்றிகளில் ஒன்று 2020 பிப்ரவரியில் உடைந்த 250 இலக்க எண். ஒரே ஒரு செயலி மையத்தை விடாமல் ஓட்டினால் சுமார் 2,700 ஆண்டு பிடிக்கும் வேலையைப் பல எந்திரங்களுக்குப் பகிர்ந்து முடித்தார்கள். அது இடம்பெற்ற, ஆர்எஸ்ஏ எண்களை உடைக்கும் போட்டிக்கான பட்டியலில் 617 இலக்க எண் ஒன்றும் உண்டு. இரண்டு லட்சம் டாலர் பரிசு அறிவித்து, 2007-இல் போட்டியையே மூடிவிட்டார்கள். எண்ணை உடைத்தவர் யாரும் இல்லை. அந்த எண்ணை எடுத்து, நம் முதல் நிரலில் 5040 இருந்த இடத்தில் ஒட்டலாம். பைத்தானில் எழுதியிருந்தால் வேறொரு வரியையும் தொட வேண்டாம். இத்தனை நீளமான எண்ணையும் அது வாங்கிக்கொள்ளும். பிழைச் செய்தி வராது. 1 என்று முதல் காரணியை உடனே அச்சிட்டுவிட்டு, லூப் சுழலத் தொடங்கும்.